எது முந்தி, எது பிந்தி என்று கேட்டவருக்கு

தோணிகள் தோளோடு தோள் உரசும் தூத்துக்குடித் துறையிலே, முப்பத்தோராண்டு தூய தொண்டாற்றி ஓய்வு பெறும் தலைமைக் குமாஸ்தா, நாசரேத் நன்மணி, ஜீவமணி ஐயா அவர்களே! ஆங்கிலத்தின் இறந்தகாலத்துக்கு எங்கள் கையில் உயிர் கொடுத்த செம்மலே! வணக்கம்.

கடிதம் எழுதிக் கொண்டுவந்தால், பேனாவைத் தொடுமுன் "எது முந்தி வே, எது பிந்தி?" என்பீர்கள். நடந்த இரண்டில் முன்பே நடந்து முடிந்ததற்குத்தான் ஆங்கிலத்தில் 'ஹாட்' (had) போடவேண்டும் என்று நூறு முறை சொன்னீர்கள். நாங்களோ அதை மரியாதைச் சொல்லென்று எண்ணி, பெரியவர் பெயர் வரும் இடமெல்லாம் சந்தனம்போல் பூசிவைத்தோம்.

நாற்பத்து நான்கில், கப்பலிலிருந்து கரைக்கு வந்த அரிசி கடல்நீரில் நனைந்தது. தோணியை நடத்திய தண்டல், புன்னைக்காயல் விக்டர். அவர் வாக்குமூலத்தை ஆங்கிலத்தில் எழுதியவர் நம் சுந்தர்சிங். வயதில் மூத்த தண்டலுக்கு ஒரு 'ஹாட்' கொடுத்தார், தண்ணீருக்குக் கொடுக்கவில்லை. யாருடைய வாக்குமூலமோ அவருக்கே தமிழில் திருப்பிச் சொன்ன பிறகுதான் காகிதம் மேலே போகவேண்டும் என்பது தங்கள் கட்டளை. அன்று பியூன் அவசரப்படுத்தவே, சுந்தர்சிங் அப்படித் திருப்பிச் சொல்லாமல் கொடுத்துவிட்டார். தண்டல் முன்பே தார்ப்பாயைத் திறந்து போட்டிருந்தார், அதனால் தண்ணீர் புகுந்தது என்று கம்பெனித் துரை படித்தார். விக்டரை வேலையைவிட்டு நீக்கப் பேனாவை எடுத்தார்.

சுந்தர்சிங்கிற்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. தப்பு தன்னுடையதென்று தெரியும்; வீட்டில் ஆறு வயிறு இருப்பதும் தெரியும். தாங்கள் எழுந்தீர்கள். இக்காகிதம் தண்டலுக்கு இன்னும் வாசித்துக் காட்டப்படவில்லை என்றீர்கள். துரையின் முகம் சிவந்தது. தாங்கள் அசையவில்லை. அங்கே நின்ற விக்டருக்கு வரிவரியாகத் தமிழில் சொன்னீர்கள்.

"அப்படி இல்லய்யா," என்றார் விக்டர். "தண்ணி முதல்லயே ஏறிட்டு. பொறவுதான் பாயைப் பிரிச்சேன். அடிமூட்டையை மேல தூக்கணும்லா?"

தோணியாட்கள் நால்வரையும் துரை தனித்தனியே அழைத்து விசாரித்தார். நால்வரும் அதையே சொன்னார்கள். அப்போதுதான் சுந்தர்சிங்கிற்கு வாய் வந்தது.

"தப்பு எம்மேலதான்யா. அவருட்ட வாசிச்சுக் காட்டாம குடுத்துட்டேன்."

வாசிக்கச் செய்ய வேண்டியவன் நான் என்று தாங்கள் பழியில் பாதியைப் பிடுங்கிக்கொண்டீர்கள். தண்டலின் வேலை நிலைத்தது, சுந்தர்சிங்கும் பிழைத்தார். தமிழில் வாசித்துக் காட்டாத வாக்குமூலம் எதுவும் இனிச் செல்லாது என்று கம்பெனியே உத்தரவு போட்டது. வென்றீர்கள் ஐயா, எங்களையும் வெல்ல வைத்தீர்கள்! அன்று முதல் இவ்வலுவலகத்தில் யாரும் எது முந்தி, எது பிந்தி என்று கேட்காமல் எழுதுவதில்லை.

தங்கள் துணைவியார் தேவகனி அம்மையாரோடு நோய்நொடியின்றி, நிறைந்த மனத்தோடு நெடுங்காலம் வாழ்வீர்களாக.

விக்டர் தண்டலையும் இவ்விழாவுக்கு அழைத்திருந்தோம். அவர் வரவில்லை. கரைக்காற்று நன்றாக இருக்கிறதென்று விடியலிலேயே தோணி எடுத்துப் போயிருக்கிறார்.

தங்கள் அன்பு மறவாத
தோணி ஆபீஸ் பணியாளர்கள்,
தூத்துக்குடி, 1948.
எழுதி வாசித்தவன்: சுந்தர்சிங்