ஆயுத பூஜைக்குச் சுத்தம் செய்த லேப்டாப்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு போட்டோ ஸ்டுடியோக்காரரும் அவருடைய அக்கா புருஷனும்.

"ஸ்டுடியோ படமெல்லாம் ஏத்தி வச்ச சர்வர் நல்லாத்தான் ஓடுது மாமா. நாந்தான் உள்ள போவ முடியல."

"பாஸ்வேர்ட போட வேண்டியதுதான?"

"அத எவனாவது கண்டுபுடிச்சுடுவான்னாங்க. அத நிறுத்திட்டு, லேப்டாப்புல சாவி மாதிரி ஒரு ஃபைல் செஞ்சு வச்சேன். அது இருந்தாதான் சர்வர் தொறக்கும்."

"சரி மச்சான், அந்த ஃபைலு எங்க?"

"ஆயுத பூஜைக்கு லேப்டாப்ப சுத்தம் பண்றேன்னு ஃபார்மேட் அடிச்சுட்டேன். அடிச்சுட்டு சந்தனம் குங்குமம் வேற வச்சேன்."

"காப்பி எடுக்கலயா?"

"இல்ல. சர்வர் கம்பெனியில கேட்டேன். சாவி இல்லன்னா அவுங்களாலயும் ஆவாதாம்."

"கல்யாண போட்டோ பூரா அதுலயா?"

"பூரா. குமராட்சிக்காரர் ஒருத்தர் வந்தாரு. சம்சாரம் எறந்துட்டாங்களாம். ஆல்பம் வெள்ளத்துல போச்சு, பொண்ணு கல்யாணத்துல நீ எடுத்த படம் ஒண்ணு குடு, மாலை போடணும்னாரு. நாளைக்குக் கருமாதி."

"நீ என்ன சொன்ன?"

"பிரிண்டர் ரிப்பேருன்னு சொன்னேன். சரியானதும் கூப்புடு தம்பின்னு நம்பர் குடுத்துட்டுப் போனாரு."