வாசல் கதவில் ஒட்டிய கடிதம்

பென்டில் ஹில் ஸ்டேசனில் ரயில் ஏறிய இரண்டு அன்ரிமார் எனக்கு முன் இருக்கையில் இருந்தார்கள். இருந்த உடனேயே சிவப்புக் கம்பளிச் சட்டைக்காரி தொடங்கினார்.

"என்ர இதயம் நிண்டால் திரும்ப எழுப்பக் கூடாது எண்டு டொக்டர் எழுதித் தந்த கடிதத்தை வாசல் கதவில ஒட்டிப்போட்டன்."

"வெளிப்பக்கமோ?"

"ஓம். என்ர மனுசனுக்கும் அப்பிடி ஒரு கடிதம் இருந்தது. பத்திரமா இருக்கட்டும் எண்டு பாஸ்போட்டுகளோட சூட்கேசில வச்சுப் பூட்டினனான். அவருக்கு மூச்சு நிண்டோடன பதறிப்போய் அம்புலன்சைக் கூப்பிட்டன். வந்த பெடியள் நல்ல பெடியள். கடிதத்தைக் காட்டுங்கோ, இல்லாட்டி நாங்கள் நெஞ்சை அமத்தத்தான் வேணும் எண்டாங்கள். நான் திறப்பைத் தேடி எடுக்கிறதுக்குள்ள மூண்டு எலும்பு முறிஞ்சு போச்சு. பிறகு நாலு நாள் மெசினில கிடந்துதான் போனவர்."

"ஐயோ அக்கா. கதவில ஒட்டினதுக்கு மகன் ஒண்டும் சொல்லேல்லையோ?"

"ரெண்டு தரம் கிழிச்சவன். டொக்டரிட்ட மூண்டாவதும் வாங்கி ஒட்டினனான். கிழிக்கட்டும், நாலாவதும் வாங்குவன்."

"வீட்டுக்கு வாற சனம் என்ன நினைக்கும்?"

"வாசிச்சுப்போட்டுப் பெல்லை அடிக்கட்டும்."