தலையில் இலை கட்டியவர்

— திரைச்சீலையை விடும் ரஞ்சினி. உவன் மேலை பாக்கிறான்.

— பாத்தால் பாக்கட்டுமேப்பா. எங்கட மகள் சாப்பிடக் கூப்பிட்ட மனிசன். கள்ளனே?

— கள்ளனெண்டால் எனக்குப் பயமில்லை. உவன் ஆமிக்காரன்.

— ஆமியை விட்டு எத்தினையோ வருசமெண்டு கஜந்தி சொன்னவளெல்லே. இப்ப நியூசிலாந்து அரசாங்கத்திலை பெரிய செயலாளராம். மந்திரிமாருக்கே புத்தி சொல்லுற ஆளாம்.

— அதைத்தான் நானும் கேக்கிறன். மந்திரிக்குப் புத்தி சொல்லுறவன், ஹம்பேர்க்கிலை இந்தத் தியாகராசா வீட்டு மூண்டாம் மாடிக்குக் கத்தரிக்காய்க் குழம்பு தின்னவோ வாறான்? சோழியன் குடுமி சும்மா ஆடாது.

— ஆளைப் பாத்தால் எங்கட ஆக்கள் மாதிரித்தான் கிடக்கு. மாவோரி எண்டு அந்த நாட்டுப் பூர்வீகச் சனமாம். வெள்ளைக்காரன் வந்து காணி பூமியைப் பறிச்ச சனமாம், பாவம்.

— காணியைப் பறிகுடுத்தவன் பேந்தேன் பறிச்சவன்ரை ஆமிக்குப் போனவன்? சொல்லும் பாப்பம்.

— எனக்கென்ன தெரியும்? வந்தாப்போலை அவரையே கேளுங்கோ.

— முதல் உவன்ரை தலையைப் பாரும். இலை! கோட்டும் சூட்டும் போட்ட செயலாளருக்குத் தலையைச் சுத்திப் பச்சை இலை ஏன்? பதுங்கிக் கிடக்கிற ஆமிதான் தொப்பியிலை குழை குத்துவான். என்ரை தம்பி சிறீதரனைக் கொண்டுபோன அண்டைக்கும் குழையோடைதான் வந்தவங்கள்.

— இஞ்சை எங்கையப்பா காடு? குப்பைத்தொட்டிக்குப் பின்னாலையோ பதுங்கப்போறார்?

— பகிடி விடாதையும். இஞ்ச பாரும், குனியிறான். நிலவறை யன்னலுக்குள்ளை எட்டிப் பாக்கிறான். இப்ப சுவரைத் தடவுறான். சுற்றிவளைப்பு நேரம் எங்கட வீட்டுச் சுவரையும் இப்பிடித்தான் தடவிப் பாத்தவங்கள்.

— என்ரை அம்மாளாச்சி! உண்மையாய்த்தான் எதையோ தேடுறார். எனக்கும் இப்ப ஒரு மாதிரிக் கிடக்கு. கஜந்தி எங்கை?

— படியிலை ஓடி வாறாள். கேக்குதெல்லே.

— அம்மா, ஒரு கிண்ணம் தண்ணி தாங்கோ. கெதியா! ஹேமி கீழை நிக்கிறார்.

— நில் பிள்ளை. தண்ணி பேந்து. ஹேமியோ? அது பொம்பிளைப் பிள்ளையின்ரை பேரெல்லே.

— அவையளிட்டை அது ஆம்பிளைப் பேர், அப்பா. விடுங்கோ, மனிசன் குளிருக்கை நிக்கிறார்.

— நிக்கட்டும். சிறீதரன் சித்தப்பான்ரை கதையை உவனுக்குச் சொன்னனியோ, இல்லையோ?

— சொன்னனான்.

— கேட்டீரே ரஞ்சினி! ஆடு நனையுதெண்டு ஓநாய் அழுத கதைதான் இது.

— அப்பா, நான்தான் அவரை வரச்சொல்லிக் கேட்டனான். ஊரிலை புதைகுழி கிண்டுற இடத்திலை எலும்புகள் வந்திருக்கு. அங்கை இருக்கிற உங்கட தங்கச்சி நேசமலர் மாமி எச்சில் குடுத்தால், மரபணுவை ஒப்பிட்டுச் சித்தப்பாவோ இல்லையோ எண்டு பாப்பினம். மூத்த அண்ணை நீங்கள் ஓமெண்டு சொல்லாமல் தான் குடுக்கமாட்டன் எண்டு மாமி நிக்கிறா. நீங்கள் வாயே திறக்கிறியள் இல்லை.

— திறக்கமாட்டன். அவள் அங்கை தனிச்ச பொம்பிளை. எச்சிலைக் குடுத்தால் பேரும் விலாசமும் ஆற்றை கையிலை போகும்? அடுத்த நாள் படலையிலை ஆர் வந்து நிப்பாங்கள்? அதோடை, செத்தவனைத்தான் எலும்பிலை தேடுறது. என்ரை தம்பி காணாமல் போனவன். செத்தவன் எண்டு இந்த வீட்டிலை ஒருத்தரும் சொல்லக்கூடாது. சொன்னனானெல்லே?

— முப்பது வருசமாய்ச் சொல்லுறியள், அப்பா. அதுதான் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தனான். அவருக்கு இது தெரியும். கிழக்குத் தீமோரிலை ஐ.நா. படையோடை போய், புதைகுழி கிண்டேக்கை காவலுக்கு நிண்டவர்.

— துவக்கோடையோ?

— ஓம், துவக்கோடைதான். ஆடு மயிர் வெட்டுற குடும்பம். வீட்டிலை ஒன்பது பிள்ளையள். சப்பாத்தும் வயிறாறச் சாப்பாடும் கிடைக்குமெண்டுதான் பதினேழு வயதிலை ஆமிக்குப் போனவர். தீமோரிலை கயிறு கட்டின எல்லைக்கு அங்காலை தாய்மார் குந்தியிருந்து பாப்பினமாம். என்ரை துவக்கைப் பாத்து அவை பயந்தவை, அது எனக்கு வெக்கமாய் இருந்தது எண்டு சொன்னவர். ஆமியை விட்டிட்டுச் சட்டம் படிச்சு அரசாங்க வேலைக்கு வந்தவர்.

— துவக்கை விட்டிட்டுப் பேனையைப் பிடிச்சவன். அரசாங்கம் அரசாங்கம்தானே.

— அவரின்ரை தாயும் இதைத்தான் சொன்னவவாம், அப்பா. அரசாங்கத்து ஆளோடை ஒரு மேசையிலை இருந்து சாப்பிடமாட்டன் எண்டு பிள்ளையோடை கோவிச்சுக்கொண்டு திரிஞ்சவவாம்.

— ம். மனிசி கெட்டிக்காரி.

— அந்த மனிசிதான் பேந்து, அரசாங்கத்துக்கை இருக்கிற நீதான் எங்கட ஆக்களை வீட்டை கொண்டுவர வேணும் எண்டு கேட்டவ. அவையின்ரை முன்னோரின்ரை எலும்புகளை ஒரு காலத்திலை வெள்ளைக்காரர் குகையளுக்கை இருந்து களவெடுத்துக்கொண்டு வந்தவை. நான் வேலை செய்யிற மியூசியத்திலை மட்டைப் பெட்டிக்கை கிடந்தது. இண்டைக்குத்தான் ஒப்படைச்சனாங்கள்.

— என்ன பிள்ளை சொல்லுறாய்? உன்ரை வேலையிடத்திலை மனிச எலும்போ?

— ஓமம்மா. பெட்டியைத் திறக்க, கூட வந்த பொம்பிளையள் பெரிசாய்க் கூப்பிட்டு அழுதவை. எனக்கு ஒரு சொல்லும் விளங்கேல்லை. ஆனாலும் நான் அழுதனான். அதுதான் இப்ப தண்ணி. செத்த ஆக்களோடை இருந்திட்டுக் கைகழுவித் தண்ணி தெளிக்காமல் அவையள் ஒரு வீட்டுக்குள்ளையும் வரமாட்டினமாம். சாப்பிடவும் மாட்டினமாம்.

— அங்கையே கழுவியிருக்கலாமே?

— எலும்பு வைச்ச அறைப்பக்கம் தண்ணி கொண்டுபோக விடேல்லை. கழிவறைப் பைப்பைக் காட்டிச்சினம். அதிலை ஏலாதெண்டிட்டார். கீழை முத்தத்துப் பைப்பைத் தேடினவர். குளிருக்கு உறையுமெண்டு கட்டடக்காரர் பூட்டிப்போட்டினம். புதினமான பழக்கம்தான், என்னம்மா?

— புதினமோ? விசரி! செத்தவீட்டாலை வந்தால் தோயாமல் நாங்கள் மட்டும் படியேறுறனாங்களோ? உனக்குச் சொல்லித் தராமல் விட்டது என்ரை பிழை. அப்ப தலையிலை அந்த இலை?

— துக்கத்துக்குக் கட்டுறது.

— கேட்டியளேப்பா? சுவரைத் தடவினது பைப்பைத் தேடி. குழை கட்டினது துக்கத்துக்கு. மனிசன் எங்கட வீட்டுக்குத் துடக்குக் கொண்டுவரப்படாதெண்டு வெளியிலை நடுங்கிக்கொண்டு நிக்குது. நீங்கள் மேலை நிண்டு வேவு பாக்கிறியள்.

— பொறும் ரஞ்சினி. பிள்ளை, ஒண்டு கேக்கிறன். அந்த எலும்பெல்லாம் தங்கட ஆக்கள்தான் எண்டு அவருக்கு எப்பிடித் தெரியும்? பேர் இருக்கோ?

— இல்லை அப்பா. நானும் கேட்டனான். பேர் தெரியாட்டிலும் தனிய விடேலாது, முதல் வீட்டை கூட்டிக்கொண்டு போவம், ஆர் எவரெண்டு அங்கை வைச்சுப் பாப்பம் எண்டு சொன்னவர்.

— அப்பிடியோ சொன்னவர்.

— ஓம். தண்ணியைத் தாங்கோம்மா, நான் போறன்.

— நில் பிள்ளை. நீ கொண்டுபோகாதை, வீட்டுக்காரன் நான்தான் கொண்டுபோகவேணும். அவர் வந்து சாப்பிடட்டும். நேசமலருக்குப் பேந்து நானே போன் எடுக்கிறன். ரஞ்சினி, சாமியறையிலை இருக்கிற செம்பை எடும். ரெண்டாய் எடும்.

— ஒரு ஆளுக்கு ஏனப்பா ரெண்டு செம்பு?

— ஒண்டு அவருக்கு. மற்றது எனக்கு. நானும் செத்தவீட்டுக்காரன்தான்.