காலி செய்யும் தேதி

எனக்குத் தண்ணீர் போதும். காப்பியை நிறுத்திவிட்டேன். காப்பி குடித்த இரவுகளில் நான் தூக்கத்தில் பல்லைக் கடிப்பதாக ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னார். அவரைப் பற்றிப் பிறகு சொல்ல வேண்டியிருக்கும்.

தமிழில்தான் வாக்குமூலம் கொடுப்பேன் என்றதும் உங்கள் புருவம் உயர்ந்தது. இத்தனை வருடமாக உங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, உங்கள் கேள்விகளைத் தமிழிலும் எதிரில் இருப்பவர்களின் பதில்களை உங்கள் மொழியிலும் சொல்லிவந்தவன் நான். உங்கள் மொழி எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் இன்று அந்த நாற்காலியில் இந்தப் பெண் இருக்கிறார். அவர் வேலையை அவர் செய்யட்டும். நான் நிதானமாகப் பேசுகிறேன், வாக்கியத்தைப் பாதியில் விட மாட்டேன். மொழிபெயர்ப்பவருக்கு அது எவ்வளவு உதவி என்று எனக்குத்தானே தெரியும்.

வெளிநாட்டுக்காரர் ஒருவர் இங்கே வீடு வாங்குவதென்றால், பணம் அவர் பெயரிலுள்ள கணக்கிலிருந்து வங்கி வழியாக வர வேண்டும். எப்படிச் சம்பாதித்தது என்பதற்கு ஆதாரமும் கூடவே வர வேண்டும். கையெழுத்துப் போடும் நாளில் பத்திரத்தின் ஒவ்வொரு வரியையும் அவருக்குப் புரியும் மொழியில் வாய்விட்டு வாசிக்க வேண்டும். அப்படி வாசிப்பதற்காக நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்தவன் நான். என்மேல் இதுவரை ஒரு புகார் வந்ததில்லை. இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். நடந்ததெல்லாம் இதனால்தான் நடந்தது.

நீங்கள் கீழ்த்தளத்தில் அடைத்துவைத்திருக்கும் லிஃப்ட் மெக்கானிக்கும் அவர் மனைவியும் என்னிடம் போனில்தான் முதலில் அறிமுகமானார்கள். மகள் இங்கே ஆங்கில வழியில் படிக்கிறாள், அவளோடு வந்து இருந்துவிடலாம் என்று தங்கள் ஊர் வீட்டை விற்கத் துணிந்திருந்தார்கள். அவர் என்னை அண்ணே என்பார், அந்த அம்மாள் அண்ணா என்பார். ஒரு வீட்டு விளம்பரத்தை அனுப்பி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்கள். நான் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். கண்ணாடி பையில் இருந்தது. விலைக்குக் கீழே 'குடியிருப்பவரோடு' என்று ஒரு சொல்லும் ஒரு பெண்மணியின் வயதும் இருந்தன. வாடகைக்கு ஒரு கிழவி இருக்கிறார், சில மாதங்களில் காலி செய்துவிடுவார் என்று சொன்னேன்.

அந்த அம்மாள் தபால் அலுவலகக் கவுண்டரில் வேலை பார்த்தவர். எதையும் இரண்டு முறை பார்ப்பவர்.

"இந்த விலைக்கு எப்படிண்ணா தர்றாங்க? சுவரெல்லாம் நிஜமா இருக்கா, இல்ல வரைஞ்சு வெச்சிருக்காங்களா?"

நானும் சிரித்தேன். விலை ஏன் குறைவு என்று நானும் யோசித்திருக்கலாம்.

ஊர் வீட்டை விற்றார்கள். வங்கியில் போட்டால் பிள்ளை பெற்று வளர்த்து அனுப்பும் நேரம் ஆகும், ஆள் மூலமாகக் கைமாற்றி அனுப்புகிறேன் என்று மெக்கானிக்கின் மச்சான் சொல்லியிருக்கிறான். இவர் கேட்கவில்லை. நம்ம பணத்தை நாமே ஏன் திருட்டுப் பணம் மாதிரி அனுப்பணும் என்றாராம். நேர்மையான மனிதர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வங்கி வழியாகவே அனுப்பினார். நடுவிலிருந்த ஏதோ ஒரு வங்கி பணத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது. வீடு விற்ற பத்திரம், சம்பளச் சீட்டுகள், அவருடைய அப்பாவின் இறப்புச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். எல்லாவற்றையும் நான்தான் மொழிபெயர்த்து அனுப்பினேன். சொன்ன தேதிக்குள் பணம் வராவிட்டால் முன்பணம் போய்விடும். மெக்கானிக் விடிந்ததும் கூப்பிடுவார், சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடுவார்.

"அண்ணே, ஒரு வீட்டையே ஆகாயத்துல விட்டுட்டு உக்காந்திருக்கேன். அது எங்க எறங்கும்னே தெரியல."

கடைசியில், கையெழுத்து ஆகும்வரை பணத்தை வைத்திருக்கும் பத்திர அதிகாரியின் கணக்கில் வந்து இறங்கியது. அதே நாளில் பத்திரத்தின் நகல் எனக்கு வந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தேன். அந்தக் கிழவி வாடகைக்கு இருப்பவர் இல்லை. வீட்டுக்கே அவர்தான் சொந்தக்காரர். விற்ற பிறகும் தம் ஆயுள் உள்ளவரை அங்கேயே இருப்பார். விலை குறைவாக இருந்ததற்குக் காரணம் அதுதான்.

போனைக் கையில் எடுத்தேன். சொல்லியிருந்தால் அவர்கள் பின்வாங்கியிருப்பார்கள். முன்பணம் போயிருக்கும், மீதிப் பணம் வந்த பாடுகளை எல்லாம் பட்டுத் திரும்பிப் போயிருக்கும். அதையெல்லாம்கூடப் பேசித் தீர்த்திருக்கலாம். ஆனால் 'அண்ணன் தப்பாப் படிச்சுட்டார்' என்று ஒரு வாக்கியம் உலகத்தில் உண்டாகியிருக்கும். போனை வைத்துவிட்டேன்.

அன்றிரவு முழுவதும் தமிழில் ஒரு சொல் தேடினேன். சரியாகவும் இருக்க வேண்டும், உறுத்தவும் கூடாது. கிடைத்தது.

கையெழுத்துக்கு இருவரும் பெட்டிகளோடு வந்து இறங்கியிருந்தார்கள். அன்று பத்திர அதிகாரி ஒவ்வொரு வரியாக வாசித்தார். நீள மேசை, ஆளுக்கொரு பேனா. விற்பவரான அந்தக் கிழவி எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். பல்செட் செய்யும் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பேசுபவரின் கண்ணைப் பார்க்காமல் வாயைப் பார்ப்பார். அந்த வரி வந்தது. "விற்பவர் தம் காலம் முடியும்வரை இவ்வீட்டில் குடியிருக்க உரிமையுடையவர்" என்று வாசித்தேன். நல்ல தமிழ். எந்த நீதிமன்றத்திலும் நிற்கும்.

அந்த அம்மாள் நிமிர்ந்தார். "எவ்வளவு காலம்ணா?"

நான் அதை அப்படியே கேட்டேன். இவருடைய காலம் இன்னும் எவ்வளவு என்று கேட்கிறார்கள் என்றேன். பத்திர அதிகாரியின் காது சிவந்தது. கிழவி வாய்விட்டுச் சிரித்தார். நீண்ட நாள் இருக்கமாட்டேன், கவலைப்பட வேண்டாமென்று சொல்லுங்கள் என்றார். அதையும் அப்படியே தமிழில் சொன்னேன். அந்த அம்மாளுக்கு நிம்மதி. எல்லோரும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள். அன்று நான் சொன்ன ஒரு சொல்லும் பொய்யில்லை. பதிவு இருக்கிறது, இந்தப் பெண் கேட்டுப் பார்க்கலாம்.

வீடு காலியாகும்வரை என்று அவர்கள் மகளின் ஒற்றை அறையில் தங்கினார்கள். பெட்டிகளைப் பிரிக்கவில்லை. மெக்கானிக் தினமும் போய்த் தெருவின் எதிர்ப்பக்கம் நின்று தம் வீட்டைப் பார்த்துவிட்டு வருவார். ஒருநாள் என்னையும் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். குளியலறை கேஸ் கீசரின் புகைக்குழாய் பால்கனிப் பக்கம் தளர்ந்திருப்பதைப் பார்த்து, சட்டையைக் கழற்றிவிட்டுத் தானே முடுக்கினார்.

"இந்தக் குழாய் அடைச்சா உள்ள குளிக்கிறவங்க சத்தமில்லாமப் போயிடுவாங்கண்ணே. ஜன்னலைத் திறந்து வெச்சே குளிக்கச் சொல்லுங்க."

சொன்னேன், ஒரு சொல் குறையாமல். கிழவி அவர் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தார். கிளம்பும்போது என் வாயைப் பார்த்து, நீங்கள் பல்லைக் கடிக்கிறீர்கள், முனைகளெல்லாம் தேய்ந்திருக்கின்றன, காப்பியைக் குறையுங்கள் என்றார். அடுத்த முறை போனபோது என் பல்லை அச்செடுத்து, தூங்கும்போது மாட்டிக்கொள்ள ஓர் உறை செய்து கொடுத்தார். காசு வாங்கிக்கொள்ளவில்லை. இதோ சட்டைப்பையில் இருக்கிறது. அளவு கச்சிதம்.

நானும் முயன்று பார்த்தேன். உங்கள் தங்கை மகளோடு போய் இருக்கலாமே என்று கிழவியிடம் பக்குவமாகக் கேட்டேன். நன்றி, இங்கேயே இருக்கிறேன் என்றார். இரும்பு மாதிரி உடம்பு. மாடிப்படியில் என்னைவிட வேகமாக ஏறுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை அந்த அம்மாள் கூப்பிட்டார். குரலில் கோபமில்லை, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணா. திங்கக்கிழமை பத்திரத்தை வேற ஒருத்தர்கிட்டக் காட்டலாம்னு இருக்கேன். ஒரு கண்ணுக்கு ரெண்டு கண்ணாப் பாத்துட்டாத் தூக்கம் வரும்."

சற்று நேரத்தில் மெக்கானிக் குரல் செய்தி ஒன்று அனுப்பினார். மனைவி பேசியதற்காகச் சங்கடப்பட்டிருக்க வேண்டும், ஏதோ சிரித்து மழுப்பிவிட்டு முடிவில் இப்படிச் சொன்னார்: "திங்கக்கிழமைக்குள்ள அந்தப் பாட்டிகிட்டப் பேசி முடிச்சிருங்கண்ணே. உங்களால முடியலன்னா சொல்லுங்க, நானே போயிக் காலி பண்ணிடுறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை நான் போனேன். கிழவி குளிக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். செய்தித்தாளைக் கையில் கொடுத்து, உட்காருங்கள், வந்துவிடுகிறேன் என்றார். உள்ளே ரேடியோ போட்டார், தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நான் பால்கனிக்குப் போய்க் குளியலறை ஜன்னலைத் தள்ளிச் சாத்தினேன். பிடி வெளியிலும் திரும்பும். பல் அச்சுகளைத் துடைக்க அவர் வைத்திருந்த துணி கொடியில் கிடந்தது. அதைச் சுருட்டிப் புகைக்குழாயில் வைத்தேன். பிறகு உள்ளே வந்து செய்தித்தாளை வாசித்தேன். குறுக்கெழுத்தில் ஒரு வரி மட்டும் மிஞ்சியது. ரேடியோவில் நிகழ்ச்சி மாறியது, தண்ணீர் நிற்கவில்லை. அவர் காலம் முடிந்தது.

துணியை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் விபத்தாகியிருக்கும். ஏன் எடுக்கவில்லை என்று நீங்கள் கேட்பதற்கு முன்பு நானே பலமுறை கேட்டுக்கொண்டுவிட்டேன். மறந்துவிட்டேன் என்றே நினைக்கிறேன்.

குழாயில் மெக்கானிக்கின் கைரேகை இருந்தது. அவர் போனில் அந்தக் குரல் செய்தி இருந்தது. கிழவி போனால்தான் வீடு கைக்கு வரும் என்று பத்திரத்தில் இருந்தது. எனக்குத் தெரியாதுங்க என்று அவர் சொல்லச் சொல்ல, தமிழிலேயே வாசித்துக் காட்டப்பட்டதே என்று நீங்கள் கேட்டீர்கள். அதை அவருக்குத் தமிழில் சொன்னவன் நான், ஏனென்றால் நீங்கள் கூப்பிட்ட மொழிபெயர்ப்பாளர் நான்தான். தாழ்வாரத்தில் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க உள்ள இருக்கீங்கங்கிறதுதாண்ணா எங்களுக்குத் தைரியமே" என்றார்.

குரல் செய்தியை ஓடவிட்டு, என்ன சொல்கிறார் என்று கேட்டீர்கள். இந்த இடத்தைக் கவனமாக மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். தமிழில் வீட்டையும் காலி பண்ணலாம், ஆளையும் காலி பண்ணலாம். முதலாவது சாமான்களை எடுத்துக்கொண்டு வெளியேறுவது, அல்லது வெளியேற்றுவது. இரண்டாவது என்னவென்று உங்களுக்கே புரியும். எதை என்று சொல்லாமலே தமிழில் வாக்கியம் முடிந்துவிடும். உங்கள் மொழி அப்படி விடாது, எதையாவது போட்டே ஆக வேண்டும். நான் 'அவரை' என்று போட்டேன்.

மெக்கானிக் உங்களைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "அண்ணே, நீங்க சொல்லுங்கண்ணே. உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே." அதையும் உங்களுக்கு மொழிபெயர்த்தேன், நினைவிருக்கும். உங்களுக்கு என்ன தெரியும் என்று நீங்கள் என்னிடம் கேட்டீர்கள். மொழிபெயர்ப்பாளர் சாட்சி சொல்லக் கூடாது என்ற விதியை நினைவூட்டினேன். நீங்கள் மன்னிப்புக் கேட்டீர்கள்.

அதோடு முடிந்திருக்கும். வழக்கம்போலப் பதிவை இன்னொருவரிடம் சரிபார்க்க அனுப்பினீர்கள். இந்தப் பெண் ஓரத்தில் பென்சிலால் எழுதிய குறிப்பின் நகல் நேற்று எனக்கு வந்தது. 'இச்சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. முன் மொழிபெயர்ப்பாளர் தவறாகக் கொண்டிருக்கலாம்.' தவறாக. இந்தச் சொல்லை என் பெயருக்குப் பக்கத்தில் நான் பார்த்ததில்லை. இரவெல்லாம் அந்த உறையை மாட்டியும் பல் வலித்தது.

அதனால்தான் வந்தேன். மெக்கானிக்கை விட்டுவிடுங்கள். அவர் வீட்டைச் சொன்னார். ஆனால் நான் போட்டதும் தவறில்லை. அவரைக் காலி பண்ணத்தான் செய்தார்கள். எழுவாய் மட்டும்தான் மாறியிருக்கிறது, அதை இப்போது கொடுத்துவிட்டேன். பத்திரமும் நான் வாசித்தபடியே நிறைவேறிவிட்டது. அந்தக் குடும்பம் பெட்டிகளைப் பிரித்துக் குடிபோகலாம். யாருக்கும் நஷ்டமில்லை.

இந்தப் பெண்ணின் பேனா ஓரிடத்தில் நின்று நின்று போனதைப் பார்த்தேன். 'அவர் காலம் முடிந்தது' என்று நான் சொன்னதற்கு உங்கள் மொழியில் 'இறந்தார்' என்று எழுதியிருக்கிறார், இங்கிருந்தே தெரிகிறது. அதை அடித்துவிட்டு, 'கொன்றேன்' என்று எழுதச் சொல்லுங்கள். பிழையுள்ள மொழிபெயர்ப்பில் நான் கையெழுத்துப் போடுவதில்லை.