ஏழேகாலுக்குச் சுற்றும் மோட்டார்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெரு பேக்கரி திறக்காது. அதனால் சனிக்கிழமையே பிஸ்கட் வாங்கி வைத்துக்கொள்வேன். ஒன்பது வருஷத்தில் ஒரு ஞாயிறுகூட நான் என் சிநேகிதன் வீட்டுக்கு வெறுங்கையோடு போனதில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. என்னைப் பற்றி அப்புறம் ஆளுக்கொன்று சொல்வார்கள்.

நான் ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் பார்ப்பவன். அவன் பல்செட் செய்கிறவன். பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள், இவன் விளக்கடியில் உட்கார்ந்து மெழுகில் ஒவ்வொரு பல்லாகச் செதுக்குவான். ஊரில் பாதிப் பேர் இவன் தயவில்தான் சிரிக்கிறார்கள் என்று கேலி செய்வேன். நான் அவனைப் 'பல்லா' என்பேன், அவன் என்னை 'ஜெராக்ஸ்' என்பான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. நான் உரிமையோடு செருப்பைக் கழற்றிய வீடு அது ஒன்றுதான். அவன் மனைவி என்னை அண்ணே என்பாள், நான் தங்கச்சி என்பேன்.

அவன் வீட்டு ஹாலில் ஐந்தடிக் கடல்மீன் தொட்டி ஒன்று இருக்கிறது. மீனைவிட அதில் பவளம்தான் முக்கியம். பவளம் வளர, தினமும் அளந்து சில மருந்துகளை ஊற்ற வேண்டும். மனுஷன் மறப்பான் என்று அதற்கு நாங்கள் இருவரும் ஒரு கண்ட்ரோலர் செய்தோம். சின்னதாக ஒரு போர்டு, நாலு ரிலே, இரண்டு பம்ப், பக்கத்தில் இரண்டு ஜாடி, ஜாடிக்கொரு கலக்கும் மோட்டார். மோட்டார்கள் என்னுடையவை. எடைக்குப் போன ஒரே மெஷினிலிருந்து கழற்றிய ஜோடி. அச்சு அசல் ஒன்றுபோல இருக்கும்.

இந்த இரண்டு ஜாடி விஷயத்தை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஒன்றில் தூள் தீனி. அது அடியில் தங்கிவிடும், அதனால் காலை ஏழேகாலுக்குப் பம்ப் உறிஞ்சும்போதே மோட்டார் முழு வேகத்தில் கலக்க வேண்டும். இன்னொன்றில் சுண்ணாம்பு. அது நேர்மாறு. முந்தின நாள் சாயங்காலம் மெதுவாகக் கலக்கி, விடிய விடியத் தெளியவிட்டு, காலையில் மேல்தெளிவை மட்டும் கொடுக்க வேண்டும். நேரமும் வேகமும் மோட்டாரில் இல்லை, அதைச் செருகும் இடத்தில் இருக்கின்றன. இரண்டு பிளக்கையும் மாற்றிச் செருகினால் சுண்ணாம்பு ஜாடி காலை ஏழேகாலுக்கு முழு வேகத்தில் சுற்றும்.

அந்தத் தப்பு ஒருமுறை நடந்தது. ஆறு வருஷம் முன்னால், நானேதான், தெரியாமல். தொட்டி பால் மாதிரி வெளுத்து, மீன் முழுக்கச் செத்தது. அவன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "விட்றா, மீன்தானே" என்றான். அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்தோம். எந்த வயரைத் தொட்டாலும், தொட்டவன் ஒரு துண்டு டேப்பில் தேதியும் தன் முதல் எழுத்தும் எழுதி பிளக்கில் ஒட்ட வேண்டும். ஐந்து வருஷம் அந்த டேப்பில் என் எழுத்தும் அவன் எழுத்தும் தவிர வேறு எழுத்து இருந்ததில்லை.

போன வருஷம் கடைவாய்ப்பல் கட்ட அவனிடம் ஒருவர் வந்தார். லிஃப்ட் மெக்கானிக். பல் கட்டினோமா போனோமா என்றில்லாமல் தொட்டி முன்னால் உட்கார்ந்துவிட்டார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சுத்தமான வேலை, பதவிசான பேச்சு. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பிஸ்கட்டோடு போனபோது ஹாலில் மூன்று டீ டம்ளர் இருந்தது. சுண்ணாம்பு ஜாடியின் பிளக்கில் புது டேப். அதில் மூன்றாவது ஆளின் எழுத்து.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவ்வளவுதான் எனக்கு. கேட்டிருந்தால் நானே ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கொடுத்திருப்பேன்.

"இவரு வந்தப்புறம்தான்டா நிம்மதியாத் தூங்குறேன்" என்றான் பல்லன். "இத்தன நாளு கையில வெண்ணெய வெச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கேன். பக்கத்துத் தெருவுலயே ஆளு இருந்திருக்காரு."

பிறகு என் வயரிங்கைக் காட்டி, "இது ஜெராக்ஸ் கட்டின காக்காக் கூடு" என்றான். லிஃப்ட்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். காக்காக் கூடு என்று முதலில் சொன்னவனே நான்தான் ஐயா. எங்கள் இரண்டு பேருக்குள் இருந்த பேச்சு அது. அதை எடுத்து அவருக்கு முன்னால் பரிமாறிவிட்டான். எனக்கு வயிறு எரிந்தது. ஒன்பது வருஷம் உழைத்தவனைக் கறிவேப்பிலை மாதிரி எடுத்து ஓரமாக வைத்தால் யாருக்கும் எரியும், உங்களுக்கும் எரியும்.

அன்றைக்கு ஒன்றும் செய்யவில்லை. எட்டு மாதம் பொறுத்தேன். பிஸ்கட் மட்டும் ஒரு பாக்கெட் கூடுதலாக வாங்க வேண்டியிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை லிஃப்ட்காரர் வயர்களை எல்லாம் புதிதாக இழுத்து, இரண்டு பிளக்கிலும் தன் டேப்பை ஒட்டினார். சனிக்கிழமை சாயங்காலம் நான் போனேன். பல்லன் முடித்த பல்செட்டை டாக்டரிடம் கொடுக்கப் போயிருந்தான். தங்கச்சி கதவைத் திறந்து, "உக்காருங்கண்ணே, டீ போடறேன்" என்று உள்ளே போனாள். இரண்டு பிளக்கையும் மாற்றிச் செருகினேன். பால் பொங்குவதற்குள் முடிந்துவிட்டது. டேப் ஒட்டவில்லை. நான் வழக்கத்தை மீறியது அந்த ஒருமுறைதான்.

தொட்டி கலங்கும், பழி லிஃப்ட்காரர் மேல் விழும், பல்லன் பழையபடி என்னிடம் வருவான், அவ்வளவுதான் கணக்கு என்று போன வாரம்வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். வாக்குமூலம் என்றால் முழுசாகச் சொல்ல வேண்டும் என்றீர்கள். சொல்கிறேன்.

தினமும் காலை ஏழு மணி தாண்டினால் பல்லன் சுண்ணாம்பு ஜாடியின் மூடியைத் திறந்து, குனிந்து, டார்ச் அடித்துப் பார்ப்பான். தெளிந்திருக்கிறதா என்று பார்க்காமல் கொடுக்க மாட்டான். நான் செய்த அந்தப் பழைய தப்புக்குப் பிறகு வந்த பழக்கம் அது. ஏழேகால்வரை குனிந்தே இருப்பான். எனக்கு அது தெரியாது என்று சொன்னால் நீங்கள் நம்பக் கூடாது. வழக்கம்போல ஜாடி பாதியாக இருந்தால் தண்ணீர் உள்ளேயே சுற்றும், வெளியே தெறிக்காது. சனிக்கிழமை சாயங்காலம் நான் அந்த ஜாடியைக் கழுத்துவரை நிரப்பினேன். மூன்று கரண்டி சுண்ணாம்பும் கூடப் போட்டேன். டீயில் சர்க்கரை சரியாக இருந்தது என்று தங்கச்சியிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு அங்கே இருந்தேன். அவன் மூடியைத் திறந்தான். ஜாடி நிறைந்திருப்பதைப் பார்த்து, "லிஃப்ட்காரரு ரொப்பி வெச்சிருக்காருபோல" என்றான். டார்ச்சைத் தேடினான். சோபாவில் கிடந்தது. நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

"இன்னிக்கு எவ்வளவு தெளிவு பாருடா" என்றான். இன்னும் கொஞ்சம் குனிந்தான்.

எனக்கு நேரம் இருந்தது ஐயா. ஒரு பிஸ்கட் தின்னும் நேரம் இருந்தது.

ஏழேகாலுக்கு மோட்டார் சுற்றியது, சுண்ணாம்பு இரண்டு கண்ணிலும் விழுந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு அவன் தலையைக் குழாயடியில் பிடித்தது நான்தான். ஆம்புலன்ஸ் வர இருபது நிமிஷம். அதுவரை விடாமல் கழுவினேன். அவன் என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஜெராக்ஸ், விட்டுடாதடா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். லிஃப்ட்காரர் பெயரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அந்த இருபது நிமிஷம் எனக்கு மனசு நிறைந்திருந்தது. அதை மறைப்பதற்கில்லை.

இடது கண் போய்விட்டது. வலது கண்ணில் வெளிச்சம், நிழல், அவ்வளவுதான் தெரியும். இனி பல் செதுக்க முடியாது. மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் ஸ்டேஷனுக்கு வந்திருக்கவே மாட்டேன். லிஃப்ட்காரர் வந்து பிளக்கைப் பார்த்தார். மாறியிருக்கிறது, ஒட்டியிருப்பது அவருடைய டேப். வெள்ளிக்கிழமை தான்தான் மாற்றிச் செருகிவிட்டோம் என்று அந்த மனுஷன் நம்பிவிட்டார். ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கச்சி காலில் விழுந்து அழுதார். நான் எதிர்பார்த்ததும் அதைத்தான். அவர்கள் விரட்டிவிடுவார்கள் என்று நினைத்தேன். பல்லன் என்ன சொன்னான் தெரியுமா? "விடுங்க, யாருக்குத்தான் கை தவறல?" என்றான். ஒரு காலத்தில் எனக்குத் தந்த மன்னிப்பை அப்படியே தூக்கி அவருக்குக் கொடுத்துவிட்டான்.

இப்போது லிஃப்ட்காரர் வேலை முடிந்து நேராக அங்கே வருகிறார். பேப்பர் படித்துக் காட்டுகிறார். சாயங்காலம் ஆறரைக்குப் பல்லனின் முழங்கையைப் பிடித்துப் பூங்காவரை நடத்திக்கொண்டு போகிறார். நான் போனால் உட்கார நாற்காலி இருக்கிறது, செய்ய வேலை இல்லை. போன வாரம் தங்கச்சி சொன்னாள்: "அவருதானே தெரியாம பண்ணிட்டாரு, அவரே பாத்துக்கட்டும்ணே. நீங்க எதுக்குத் தெனமும் அலையணும்?"

பல்லன் பக்கத்திலிருந்து, "ஆமாடா, அவருக்கும் மனசு ஆறணும்ல" என்றான்.

ஒரு மனிதன் இரண்டு முறை துரோகம் செய்வான் என்று நான் நினைக்கவில்லை. லிஃப்ட்காரர் செய்யாத ஒன்றுக்காக அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். செய்தவன்தானே அதைச் சுமக்க வேண்டும்? நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. செய்தவன் நான். பிளக்கை மாற்றியவன், ஜாடியை நிரப்பியவன், டார்ச்சை எடுத்துக் கொடுத்தவன் எல்லாம் நான்தான். அவர் கை அதில் இல்லை. இதை அவர்கள் வீட்டுக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டால் அவர் ஒதுங்கிக்கொள்வார். எங்கள் இரண்டு பேருக்குள் மூன்றாவது ஆள் இருக்காது.

எங்கே கையெழுத்து போட வேண்டும் என்று காட்டுங்கள் ஐயா. சீக்கிரம் முடித்தால் நல்லது. மணி ஆறாகப் போகிறது, அவனை நடக்கக் கூட்டிப்போக இன்றையிலிருந்து நான்தான் போக வேண்டும்.