உருளையில் சுற்றிய முடி

கம்பளம் கழுவும் மெஷினை ஒருபோதும் பிரஷ்ஷின் மேல் நிற்க வைக்கக் கூடாது, ஐயா. இழைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும், அப்புறம் நிமிராது. பின்னால் சாய்த்துச் சக்கரத்தில் நிறுத்த வேண்டும். உங்கள் ஹோட்டலில் இதை நான் யாரிடம்தான் சொல்லவில்லை?

ருஸ்டியிடமும் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. மலாக்காவில் அவரைப் போலக் கம்பளம் கழுவ ஆள் கிடையாது. ஆனால் வேலை முடிந்ததும் மெஷினை அப்படியே, நான் மெஷின்களைப் பராமரிக்கும் அறைக்குள் தள்ளிவிட்டுப் போய்விடுவார். உருளை பிரஷ் முழுக்க விருந்தாளிகள் உதிர்த்த முடி. சிவப்பு, பொன்னிறம், சுருட்டை. அது இறுகினால் உருளை சுழலாது, பெல்ட் கருகும். இன்னொரு பெல்ட் கருகினால் என்னைச் சலவைப் பகுதிக்கு மாற்றிவிடுவதாக நீங்களே சொன்னீர்கள்.

"முடிய வெட்டிட்டுப் போங்களேன், ருஸ்டி."

"நான் வெட்டிட்டா உங்களுக்கு எப்படிப் பொழுது போகும், சல்பியாக்கா?" என்று சிரிப்பார். சிரித்தால் அவருக்கு இடது கன்னத்தில் மட்டும் குழி விழும். நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.

அவர் விட்டுப்போன முடியை அவரிடமே திருப்பிக் கொடுப்பதுதான் நியாயம் என்று எனக்குப் பட்டது. வீட்டுக்குப் போட்டுக்கொண்டு போகும் சட்டையை என் அறை ஆணியில்தான் மாட்டுவார். ஒரு சிவப்பு முடியை எடுத்து, சோப்பு போட்டு அலசி, கீழ்ப் பட்டனில் சுற்றினேன். ஒன்றே ஒன்று. கூடினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

மறுநாள் தூங்காத கண்ணோடு வந்தார். அன்றும் பிரஷ்ஷை வெட்டவில்லை. எனவே பொன்னிறம். அப்புறம் சுருட்டை. முதியோர் சுற்றுலா வந்து தங்கிய வாரத்தில் வெள்ளை.

வெள்ளை முடியைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் மனைவி நோர்மாலா பின்வாசலுக்கே வந்துவிட்டாள்.

"கிழவியக்கூட விடலையா நீ? ஹோட்டல்ல வேல பாக்குறியா, ஐநா சபையில வேல பாக்குறியா?"

"சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது, மாலா."

"உனக்குத் தெரியாமயே பட்டன்ல ஏறிச் சுத்திக்கிச்சா? போ, உங்கம்மா வீட்டுல போயிப் படு. இன்னும் ஒரு முடி பாத்தேன், நேரா கோர்ட்டுதான்."

காவலாளி முதல் சமையல்காரர் வரை எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அம்மா வீட்டில் இருப்புக் கொள்ளாமல் அவர் என் அறையிலேயே பொழுதைக் கழிக்க ஆரம்பித்தார். கவிழ்த்த வாளியில் என் பக்கத்தில் உட்காருவார். உருளையின் நீளவாக்கில் கத்தியை ஓட்டி முடியை அறுத்து, கொக்கியால் இழுத்து, பிரஷ்ஷை அலசித் தொங்கவிடக் கற்றுக்கொடுத்தேன். வேலை செய்தபடியே தன் கஷ்டத்தையெல்லாம் சொல்வார். நான் கேட்டுக்கொள்வேன். இழைகள் அவ்வளவு நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை. ஒரு பெல்ட்கூடக் கருகவில்லை. நீங்களே பாராட்டினீர்கள்.

போன வாரம் சீட்டியடித்துக்கொண்டு வந்தார்.

"அக்கா, மாலா மன்னிச்சிட்டா. இன்னிக்கு வீட்டுக்கு வரச் சொல்லிட்டா. நெத்திலி சம்பல் வேற செய்யுறாளாம்."

"சந்தோஷம்," என்றேன்.

வீட்டுக்குப் போனால் மனிதர் பழையபடி ஆகிவிடுவார், ஐயா. சம்பலை நினைத்துக்கொண்டு அவசரமாகக் கிளம்புவார், முடியை அப்படியே விட்டுவிடுவார். பிரஷ்களின் கதியை நான்தானே யோசிக்க வேண்டும்? ஆனால் அன்று எந்த உருளையிலும் ஓர் இழை முடி இல்லை. அவ்வளவு சுத்தமாக அறுத்து வைத்திருந்தார்.

நோர்மாலா கோர்ட்டில் கொடுத்திருக்கும் நீளமான கறுப்பு முடி எந்த விருந்தாளியுடையது என்று கேட்கிறீர்கள். எந்த விருந்தாளியுடையதும் இல்லை. கதவைச் சாத்திவிட்டுத் தலைத்துணியை அவிழ்த்தேன். என் முடியை இதுவரை அந்நிய ஆண் எவரும் பார்த்ததில்லை. நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. முந்தின நாள்தான் எண்ணெய் தேய்த்துக் குளித்திருந்தேன், அது தற்செயல். இந்த முறை கீழ்ப் பட்டன் வேண்டாம் என்று நெஞ்சுக்கு நேராக வரும் பட்டனில் சுற்றினேன்.

பெல்ட் கருகக் கூடாது என்பதற்காகத்தான், ஐயா.