பதினோராவது பிளான்

கட்டில் எங்க போடறதுன்னா நா என்னங்க மாப்ள சொல்றது? நாயமான கேள்விதான், நா இல்லீங்கல. ஆனா அத மொதல்ல கேக்க வேண்டியது அந்த ராசப்பன. மேசை செஞ்ச தச்சன். ஆறடி அகலம், பத்தடி நீளம், ஒரே பலகை. இந்த ரூமுக்குள்ளயே உக்காந்து செஞ்சானே, இது நாளைக்கு வெளிய எப்புடிப் போவும்னு ஒரு நிமிசம் ரோசன பண்ணியிருப்பானா? அவனும் ஒரு தச்சனாம்!

சித்த நவுந்து நில்லுங்க. முழங்கை மலை மேல படுது. பனியன் கட்டிங் வேஸ்ட பசையில முக்கி ஒட்டுன மலைங்க அது. எக்ஸ்போர்ட் துணி. வெள்ளக்காரன் போட வேண்டியது, இங்க மலையா நிக்குது. ரயில ஓட்டிக் காட்டலாம்னா கரண்டும் இல்ல. போன வருசமெல்லாம் இப்புடியா போச்சு? ரெண்டாயிரத்தி எட்டு பொறந்தது, கரண்டு செத்தது.

சரி சரி, விசயத்துக்கு வரேன். வெள்ளிக்கெழம ஜெயபாரதி வரோணும். மொதப் பெரசவம், தாயூட்டுலதான். அதுல ரெண்டாவது பேச்சே இல்லீங்க. ரூமு ரெடியில்லீன்னா நம்ம குண்டடத்துலயே பாத்துக்கறோம்னு உங்கம்மா சொன்னாங்களாமா? சொல்லுவாங்க. பெத்தவன் ஒரு ரூம ஒழிச்சுக் குடுக்க மாட்டீன்னுட்டான்னு நாளைக்கு எங்கூரு மண்ணரை பூராப் பேசும். பொம்ம ரயிலுக்கு எடம் இருக்குது, புள்ளைக்கு இல்லியான்னு கேப்பாங்க. உங்கத்தை நேத்தே கேட்டுட்டா.

பொம்ம ரயிலா இது? நா ஆசப்பட்டா வாங்குனேன்? ரெண்டாயிரத்தி நாலுல, எங்க கம்பெனியில பனியன் எடுக்க வந்த ஒரு செர்மனிக்காரன். நாப்பதாயிரம் பீசுல ஒரு பீசுகூட ரிஜெக்ட் ஆவலீங்கற சந்தோசத்துல, மாஸ்டர், இத உன்ற பேரனுக்குக் குடுன்னு ஒரு பெட்டியக் கையில வெச்சுட்டுப் போனான். ஜெயபாரதிக்கு அப்ப கல்யாணமே ஆவலீங்க. பேரனுக்கு நா எங்க போறது? சரி, அவன் வர்ற வரைக்கும் ஓடுதான்னு பாத்து வெப்பம்னு பிரிச்சேன்.

அவ்வளவுதாங்க பண்ணுனேன். பிரிச்சேன்.

மொத பிளான, துணி வெட்டறதுக்கு அளவு வரையற மார்க்கர் பேப்பர்லதான் போட்டேன். முப்பது வருசமாக் கட்டிங் மாஸ்டருங்க. துணி மேல பேட்டர்ன் அட்டைய எப்புடி அடுக்குவோம்? கைக்கும் கழுத்துக்கும் நடுவுல இருக்கற இடுக்குலகூட இன்னொரு துண்டச் செருகுவோம். ஒரு விரக்கடை துணி வீணாப் போச்சுன்னா எனக்குச் சோறு எறங்காது. தண்டவாளத்தையும் அப்புடியே அடுக்கீட்டேன். நாலடி மேசையில மூணு ரவுண்டு! கம்பெனியில ஆர்டர் பாக்கற மெர்ச்சண்டைசர் தம்பி ஒன்னு வெளிநாடு போறப்பெல்லாம் தண்டவாளம், இன்னொரு ரயிலுன்னு வாங்கியாரும். அதுவே பாத்துட்டு, மாஸ்டர், வேஸ்ட்டே இல்லியேன்னுது. எனக்கு அப்புடியே குளுந்து போச்சு.

ஓட்டுனா... வளைவுல ரெண்டு ரயிலும் வவுத்தோட வவுறு இடிக்குது. ரெண்டு குண்டுச் சம்மந்தியம்மாளுக முடுக்குல எதுத்து எதுத்து வந்த மாதிரி... உங்கம்மாவச் சொல்லலீங்க. பொதுவாச் சொன்னேன்.

அப்பறம் ரெண்டாவது பிளான். எடம் வுட்டுப் போட்டேன், மேசை பத்தல. மூணாவதுல மேசையப் பெருசு பண்ணுனேன், சுரங்கம் இல்லாம மொட்டையாத் தெரிஞ்சுது. நாலு, அஞ்சு... அஞ்சாவது உங்க நிச்சயதார்த்தத்தன்னிக்குப் போட்டது. தாம்பாளத்துக்கு அடியில பேப்பர் விரிச்சிருந்தாங்களே, அது. உங்கப்பா வெத்தலக்கறை படிஞ்ச எடத்துல ஏரி வெச்சேன். பதினோராவதுதான் இது. இதுல ஒரு தப்புச் சொல்லுங்க பாப்பம்!

தூக்கிச் சாய்ச்சு எடுக்கலாமேன்னு பாக்கறீங்க. எடுக்கலாம். இந்தக் கதவத் தாண்டுனா மூணடி நடை, எதுத்தாப்புல செவுரு. பத்தடி மேசை அதுல எப்புடித் திரும்பும்? அந்தப் பக்கம் ஆசாரத்துக்கு, அந்த முன் கூடத்துக்கு நேரா ஒரு பெரிய ரெட்டைக் கதவு இருந்துது. அது இருந்தா இந்நேரம் சாய்ச்சு வெச்சு ஒரே தள்ளு. அதான் அடைச்சாச்சே. தெக்கு வாசல் ஆகாதுன்னு வாஸ்துக்காரன் சொல்லி, செங்கல் வெச்சு... ஆமாங்க, ரெண்டு வருசம் ஆச்சு. உங்கத்தை தேங்காயெல்லாம் ஒடைச்சா.

இடிக்கறதா? ஐயோ, அந்தப் பேச்சே வேண்டாங்க. புள்ளத்தாச்சி வர்ற ஊட்டுல செவுத்துல ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாதுன்னு உங்கத்தை நிக்கறா. செவுத்தத் தொடக் கூடாதுன்னா மேசைதான். நேத்து ராசப்பன் ரம்பத்தோட வந்தான். இங்க வெக்காத, ஸ்டேசன், அங்க வெக்காத, ரயில்வே கேட்டு, அது ஏரின்னேன். ரம்பத்தப் போட்டுட்டுப் போனவன்தான். கோவக்காரன். துண்டு துண்டாச் செஞ்சு பூட்டிக்கலாம்னு அவன் அன்னிக்கே சொன்னான், அது வேற. மூட்டு வந்தா ரயிலு குதிக்கும், ஒரே பலகையாப் போடுன்னு நாந்தான்... அது கெடக்குது உடுங்க.

ஏனுங்க, எங்க கெளம்பிட்டீங்க? டீ வருதுங்க. மாப்ள? போன் யாருக்குங்க? அம்மாவுக்கா? அட, செருப்பு ஏனுங்க மாட்டறீங்க? சன்னல் கம்பியப் புடிச்சுட்டுக் கத்த வெக்கறீங்களே... மாப்ள! வண்டிய எடுக்காதீங்க! வாஸ்துக்காரன் இல்லீங்க! கேக்குதுங்களா? வாஸ்துக்காரனே வரலீங்க! ஸ்டேசனுக்கு நீளமா ஒரு நேர்வழி வேணும்னு அந்தக் கதவ நாந்தான் அடைச்சேன்! நானு! மருதாசலம்!

போச்சு. சமையக்கட்டுல கரண்டி உளுந்துது. உங்கத்தை நல்லம்மா கேட்டுட்டா.

இருங்க... தண்டவாளத்தக் கழட்டறேன். இந்தா, கோடு போட்டுட்டேன். அறுக்கறேன். சத்தம் கேக்குதுங்களா? ரம்பந்தாங்க! ஒரு நாளைக்கு ஆயிரம் பனியன் கழுத்து வெட்டுன கை, இப்ப ஏரியக் குறுக்க வெட்டுது பாருங்க... அதா, வண்டிய ஆப் பண்ணீட்டாரு. வாங்க, வாங்க மாப்ள. அம்மாகிட்டச் சொல்லிருங்க, வெள்ளிக்கெழம பொண்ண அனுப்பச் சொல்லி. போனு கெடக்கட்டும், அக்கட்டால அந்த ஓரத்தப் புடிங்க. ம்... வருது... வந்துருச்சு. உட்றாதீங்க, மலை சரியும்.

ஏனுங்க, இப்ப ரெண்டு துண்டாயிருச்சுங்களா. கட்டிலுக்கு எடம் ஆச்சு. துண்டு ரெண்டும் மொட்ட மாடி ரூமுக்குப் போயிரும். சும்மா சொல்றேன்... நடுவுல ஒரு சந்து உளுந்துருச்சு பாத்தீங்களா? அடியில நொய்யல் ஆறு, மேல ஒரு பாலம். ஆத்துல சாயப்பட்டறைத் தண்ணி இன்னிக்கு என்ன கலர்ல போவுதுன்னு போறப்ப பாத்துட்டு வந்து சொன்னீங்கன்னா அதே பெயிண்ட்ட...

நல்லம்மா, அந்த சாக்பீச எடு, பன்னெண்டாவதப் போட்டுரலாம்.

நல்லம்மா?

சரி, நீ இரு. நானே எடுத்துக்கறேன்.